ஆடியிலேயே தொடங்குங்கள்: தொழில் பதிவுகளுக்கு மாதத் திட்டம்

ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவருக்கு ஆடி ஓய்வு மாதம். முகூர்த்தம் கிடையாது, அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும், ஃபேஸ்புக் பக்கமும் தூங்கும். ஆவணி பிறந்ததும் வேலை குவியும். அப்போது பந்திப் படங்களை வரிசையாக ஏற்றுவார். ஆனால் ஆவணிக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் சமையலுக்கு ஆள் தேடுவது ஆனியிலும் ஆடியிலும்தான். அவர்கள் தேடும்போது இவர் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. இவர் படம் போடும்போது அவர்கள் வேறொருவருக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள்.

திருச்சியில் தொழில் செய்யும் பலரும் சமூக ஊடகத்தில் சறுக்குவது இந்த இடத்தில்தான். எழுத்தோ கேமராவோ காரணமில்லை. வாடிக்கையாளர் எப்போது தேடுகிறார் என்று பார்க்காமல், தமக்கு நேரம் கிடைக்கும்போது பதிவு போடுகிறார்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நேரே வேலைக்கு வருவோம்.

தேவையானவை

ஒரு நோட்டு. வரும் ஆண்டுக்கான தமிழ் மாதக் காலண்டர், அதில் முகூர்த்த நாள்கள் அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு கைப்பேசி. மாதத்தில் ஒரு முறை, இடையூறு இல்லாத அரை நாள். காசு கட்டி வாங்கும் மென்பொருள் எதுவும் இப்போது வேண்டாம்.

படி 1: யாருக்காக என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"எல்லாருக்கும்" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நல்ல வரிகள் இப்படி இருக்கும்:

- ஆவணி முதல் தை வரை கல்யாணம் வைத்திருக்கும், 300 முதல் 800 இலை போடும் திருச்சி, ஸ்ரீரங்கம் குடும்பங்கள்.
- அழுத்தக் கலன், குழாய் வேலைகளை வெளியே கொடுக்கும் நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்கள். (துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் எழுத வேண்டிய வரி.)
- பெற்றோரை ஸ்ரீரங்கம் ஃபிளாட்டில் விட்டுவிட்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள். (முதியோர் பராமரிப்பு சேவை நடத்துபவருக்கு.)

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். சேவை பெறுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். பதிவு போக வேண்டியது பணம் கட்டுபவரின் கைக்கு.

படி 2: ஒரு தளத்தில் உழையுங்கள், இன்னொன்றில் எதிரொலி போதும்

பட்டறைக்காரருக்கு லிங்க்ட்இன். சமையல்காரர், உறையூர்ப் புடவை விற்பவர், உள் அலங்காரம் செய்பவருக்கு இன்ஸ்டாகிராம். நீளமாக விளக்க வேண்டிய தொழில் என்றால் யூடியூப். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் முடிவெடுக்கும் குடும்ப விஷயங்களுக்கு இன்றும் ஃபேஸ்புக். இவற்றோடு எல்லாருக்கும் பொதுவாக வாட்ஸ்அப்.

ஐந்து தளத்திலும் கணக்குத் திறந்து ஐந்தையும் பட்டினி போடுபவர்களே அதிகம். ஒன்றை நன்றாக நடத்துங்கள். அங்கே போட்டதையே சுருக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள்.

குறிப்பு: வாடிக்கையாளர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், இரண்டே நாளில் யாரோ சீட்டுக் கம்பெனி விளம்பரம் போடுவார். சேனல் தொடங்கினால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியலும் நல்லதுதான், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

படி 3: கேள்வி நோட்டு

"என்ன போடுவது?" என்று தலையைச் சொறிவதை இந்தப் படி நிறுத்திவிடும். இரண்டு வாரம், வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பதை எல்லாம் அவர் சொன்ன சொல்லிலேயே குறித்து வையுங்கள். "ஒரு இலைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள். "விலை நிர்ணயம்" என்று மாற்றி எழுதாதீர்கள். மக்கள் தேடுவது அந்தச் சொல்லால்தான்.

நோட்டில் மூன்று நிரல் போடுங்கள்: கேள்வி, யார் கேட்டது (பெயர் வேண்டாம், பெண் வீட்டாரா பிள்ளை வீட்டாரா என்பது போதும்), எந்த மாதம். மூன்றாவது நிரலைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அடுத்த படி அதன்மேல்தான் நிற்கிறது.

வேலைக்கு நடுவே இதைத் தொடர்ந்து எழுத முடியுமா என்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக முழுநேர வேலை பார்த்துக்கொண்டே கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தைப் பல ஆண்டுகள் எழுதினார். பின்னாளில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' வந்தது. அந்தப் பக்கங்களில் படித்த புத்தகம், ஒரு அறிவியல் செய்தி, ஒரு கிண்டல் எனத் துண்டு துண்டாக இருக்கும். இடம் மாறாது, உள்ளே இருப்பது மாறும். வேலையில் இருப்பவர் தொடர்ந்து எழுத அந்த வடிவம் வசதியானது. அவர் நடை நமக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: மூன்று வரிசை நாள்காட்டி

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மேலிருந்து கீழாக மூன்று வரிசை.

*முதல் வரிசை: உங்கள் தொழிலின் தேதிகள்.* வரி ஆலோசகருக்கு முன்கூட்டி வரி கட்டும் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலுக்கு 11, 20 தேதிகள். கட்டடப் பொறியாளருக்கு வடகிழக்குப் பருவமழை: அக்டோபரில் கூரை ஒழுகிய பிறகு பதிவு போட்டுப் பயனில்லை, ஆகஸ்டில் போட வேண்டும். பயிற்சி மையத்துக்குத் தேர்வு முடிவும் கலந்தாய்வும்.

*இரண்டாம் வரிசை: ஊரின் தேதிகள்.* இதில் திருச்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்கு, உச்சிப் பிள்ளையார் சதுர்த்தி, என்.எஸ்.பி. சாலையில் நடக்க இடமில்லாத தீபாவளி வாரங்கள், மார்கழியில் ஸ்ரீரங்கத்துப் பகல் பத்தும் இராப்பத்தும், தைத்தேர், சமயபுரம் பூச்சொரிதல், சித்திரைத் தேர். இவற்றில் உங்கள் தொழிலைத் தொடுவதை மட்டும் எழுதுங்கள். விடுதி நடத்துபவருக்கு வைகுண்ட ஏகாதசி பெரிய விஷயம். துவாக்குடிப் பட்டறைக்கு அன்று உள்ளூர் விடுமுறை, அவ்வளவுதான்.

*மூன்றாம் வரிசை: எந்த மாதத்துக்கும் பொருந்துபவை.* கேள்வி நோட்டிலிருந்து எடுத்து நிரப்புங்கள்.

கட்டம் நிரம்பியதும் சிவப்புப் பேனாவை எடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் முன்னால், வாடிக்கையாளர் முடிவெடுக்கும் காலத்தைக் குறியுங்கள். கல்யாணச் சமையலுக்கு ஒன்றிரண்டு மாதம், விடுதி அறைக்கு மூன்று நான்கு வாரம், ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஒரு வாரம். பதிவு விழ வேண்டியது அந்தச் சிவப்புக் கோட்டில்.

எச்சரிக்கை: ஊர்த் தேதிகளைப் பொதுக் காலண்டரிலிருந்தோ போன வருடத் தாளிலிருந்தோ நகல் எடுக்காதீர்கள். 2025இல் வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10, டிசம்பர் 30 என ஒரே ஆங்கில ஆண்டில் இரு முறை வந்தது. 2021இல் ஸ்ரீரங்கத்தில் கார்த்திகையிலேயே, டிசம்பர் 14 அன்று, சொர்க்கவாசல் திறந்தார்கள். மற்ற பல கோயில்களில் அது மார்கழியில்தான் நடந்தது. பத்தொன்பது ஆண்டுக்கு ஒரு முறை இப்படி வருமாம். அறை பதிவு செய்யச் சொல்லித் தப்பான தேதியில் போஸ்டர் போட்ட விடுதிக்கு அந்த ஆண்டு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேதிக்குக் கோயில் அறிவிப்பு, போக்குவரத்து மாற்றத்துக்கு அந்த ஆண்டுக் காவல்துறை அறிவிப்பு, வரித் தேதிக்குத் துறையின் இணையதளம். வேறு வழி இல்லை. வருமான வரி தாக்கலுக்குக் கூட 2025இல் ஜூலை 31 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

படி 5: எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

உங்கள் மிக மோசமான வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், மின்தடை வேறு. அந்த வாரத்திலும் எத்தனை பதிவு போட முடியும்? அந்த எண்தான் உங்கள் எண். பெரும்பாலோருக்கு அது ஒன்று அல்லது இரண்டு. தினம் மூன்று போடச் சொல்பவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள். உங்களுக்கு வேறு தொழில் இருக்கிறது.

கிழமையையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி என்று வைத்தால் அவையே நடக்கட்டும்.

நேரம் உங்கள் ஆள்களைப் பொறுத்தது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். மாலை 6.30க்குப் போட்டால் சிங்கப்பூரில் இரவு 9, சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசி பார்க்கும் நேரம். அதே நேரம் துபாயில் மாலை 5, அலுவலகம் முடியும் நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே பதிவு என்றால் நமது ஏழரை மணி ஒரு நல்ல சமரசம்.

மாதிரி: சமையல் ஒப்பந்தக்காரரின் ஆடி மாதம்

ஆடி ஏறக்குறைய ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. வாரம் இரண்டு பதிவு.

1. *முதல் செவ்வாய்:* மண்டபம் பேசும் முன் சமையல்கட்டில் பார்க்க வேண்டிய ஐந்து: தண்ணீர் வரத்து, பாத்திரம் கழுவும் இடம், கேஸ் வைக்கும் இடம், எச்சில் இலை போகும் வழி, ஜெனரேட்டர். இதைப் படிப்பவர் உங்களிடமே ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தம்பிக்கு அனுப்புவார், அது போதும்.
2. *முதல் வெள்ளி:* "ஒரு இலைக்கு எவ்வளவுங்க?" தொகை சொல்ல வேண்டாம். தொகை எதனால் ஏறி இறங்குகிறது என்று சொல்லுங்கள்: இனிப்பு வகை, இலை எண்ணிக்கை, பரிமாறும் ஆள், சாமான் யார் வாங்குவது.
3. *இரண்டாம் செவ்வாய்:* அழைத்தது 500 பேர், வருவது எத்தனை பேர்? நீங்கள் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று ஒரு நிமிட வீடியோ.
4. *இரண்டாம் வெள்ளி:* காந்தி மார்க்கெட்டில் காய் எடுக்கும் காட்சி. பேச்சு வேண்டாம்.
5. *ஆடிப்பெருக்குக்கு முந்தைய பதிவு:* சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறவர்களுக்கு எந்தச் சாதம் தாங்கும், எது தாங்காது. புளியோதரை நிற்கும். தேங்காய் சாதம் வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும், தயிர் சாதம் புளிக்கும். எதை முதலில் சாப்பிடுவது என்று வரிசை சொல்லுங்கள். இந்த மாதத்தில் அதிகம் பகிரப்படக்கூடியது இதுதான். நோக்கம் வியாபாரமில்லை என்று தெரிவதால் நம்பிக்கையும் வரும்.
6. *அடுத்த பதிவு:* உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் காட்டி, சமையல்காரரிடம் அதை ஏன் கேட்க வேண்டும் என்று விளக்குங்கள்.
7. *நான்காம் செவ்வாய்:* நோட்டிலிருந்து ஒரு கேள்வி.
8. *நான்காம் வெள்ளி:* ஆவணியில் இன்னும் காலியாக உள்ள தேதிகள். மாதம் முழுவதற்கும் நேரடி விற்பனை இது ஒன்றுதான்.

பட்டறைக்காரர் இதே கட்டத்தில் தன் சரக்கைப் போடலாம். ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் விதிமுறை) குழாய் வேலைக்கு வெல்டரிடம் என்ன சான்று பார்க்க வேண்டும், ரேடியோகிராஃபியில் பிழை வந்தால் சரிசெய்யும் முறை, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் வாங்கியவரின் வருமான வரிக் கணக்கில் என்ன ஆகும் என்பதெல்லாம் கொள்முதல் மேலாளர் நின்று படிக்கும் விஷயங்கள்.

படி 6: அரை நாளில் எட்டையும் முடியுங்கள்

1. முதலில் எட்டுக்கும் முதல் வரியை மட்டும் எழுதுங்கள். திரையில் "மேலும்" என்ற சொல்லுக்கு முன்னால் தெரிவது அதுதான். அங்கே வணக்கமும் அறிமுகமும் வேண்டாம். கேள்வியோ பதிலோ வந்துவிட வேண்டும்.
2. பிறகு உடலை எழுதுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு விஷயம். இரண்டாவது நல்ல விஷயம் தோன்றினால் அது ஒன்பதாவது பதிவு.
3. படங்களை ஒரே அமர்வில் எடுங்கள். காலை வெளிச்சம், துடைத்த லென்ஸ், பின்னணியில் குப்பைக்கூடை இல்லாத இடம்.
4. வீடியோவுக்குத் தமிழில் எழுத்து ஓடட்டும். பஸ்ஸில் பார்ப்பவர் ஒலியை அணைத்திருப்பார்.
5. வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தேதி, தொலைபேசி எண், பெயர் ஆகிய மூன்றையும் அவர் சரிபார்க்க வேண்டும்.
6. நேரம் குறித்து ஏற்றிவிடுங்கள். ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட், யூடியூபுக்கு ஸ்டுடியோ, லிங்க்ட்இன்னில் பதிவுப் பெட்டியிலேயே கடிகாரப் படம். எல்லாமே இலவசம்.

குறிப்பு: நேரம் குறித்த பதிவுகள் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் பெரிய விபத்து, வெள்ளம், துக்கம் என்றால் முதல் வேலையாக அவற்றை நிறுத்துங்கள். காவிரிக் கரையில் வெள்ள எச்சரிக்கை விடுத்த நாளில் "ஆற்றங்கரையில் அறை தயார்" என்ற பதிவு போனால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

படி 7: பதில் சொல்லுங்கள்

பதிவு போன அன்று மாலையும் மறுநாள் காலையும் பதினைந்து நிமிடம் போதும். கமெண்டில் "விலை?" என்று கேட்டால் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தோராயமாக ஒன்றைச் சொல்லிவிட்டு, விவரத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். குறை சொல்லி எழுதுபவருக்குப் பொதுவில் ஒரே ஒரு பதில், மீதி தொலைபேசியில். அழிப்பது கடைசி வழி: அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும்.

அடிக்கடி செய்யும் தவறுகள்

*வாழ்த்துப் பதிவுகள்.* பொங்கல், தீபாவளி, ஆசிரியர் தினம், யோகா தினம் என்று லோகோ ஒட்டிய போஸ்டர்கள். திட்டத்தை நிரப்ப எளிய வழி, அதனால்தான் எல்லாரும் செய்கிறார்கள். தீபாவளியன்று ஒருவர் திரையில் நூறு அகல்விளக்கு, அதில் உங்களுடையதும் ஒன்று. என் தீர்ப்பு: ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

*ஃபாலோயர் வாங்குவது.* வெளியூர்ப் போலிக் கணக்குகள் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட வரப்போவதில்லை. உண்மையான ஆள்களுக்குப் பதிவு போய்ச் சேர்வதும் குறையும்.

*சினிமாப் பாட்டு.* தொழில் கணக்கில் பாட்டைச் சேர்க்கப் பதிப்புரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும். தளம் வணிகக் கணக்குக்கு அனுமதிக்கும் இசையை மட்டும் பயன்படுத்துங்கள்.

*மூன்று வாரத்தில் கைவிடுவது.* முதல் மாதம் பெரும்பாலும் உறவினர் லைக்தான் வரும். அது இயல்பு.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

*சட்டமும் தொழில் விதியும்.* வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவும் வழக்குத் தேடவும் பார் கவுன்சில் விதி 36 தடை விதிக்கிறது. இணையவழி விளம்பரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே பேசியது. மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், பட்டயக் கணக்காளர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மூன்று தொழில்காரர்களும் பொது விளக்கம் எழுதலாமா, எந்த அளவுக்கு என்பதைத் தம் அமைப்பின் இன்றைய வழிகாட்டலில் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். மாதிரித் திட்டத்தின் எட்டாவது பதிவு இவர்களுக்குக் கிடையாது. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு பிறர் சரக்கைப் புகழ்ந்தால் "விளம்பரம்" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் முறைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

*படம் எடுக்கும் இடம்.* கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ராஜகோபுரத்தை வெளியிலிருந்து எடுங்கள், போதும். அம்மா மண்டபத்தில் குளிப்பவர்கள், திதி கொடுப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். விமான நிலையமும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் உள்ள ஊர் இது: ட்ரோன் பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டலம் பாருங்கள். பட்டறைப் படத்தில் டிராயிங், ஹீட் நம்பர், வாடிக்கையாளர் பெயர் தெரியக் கூடாது. கல்யாண வீட்டுப் படத்துக்கு வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம்.

*கணக்கின் பூட்டு.*

1. எல்லாக் கணக்கிலும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றே போடுங்கள்.
2. பக்கத்துக்கு நிர்வாகியாக இருவர் இருக்கட்டும். வடிவமைப்பாளருக்குக் கடவுச்சொல் தராதீர்கள், குறைந்த உரிமை மட்டும் தாருங்கள்.
3. "உங்கள் கணக்கு முடக்கப்படும்", "நீல டிக் தருகிறோம்" என்று வரும் இணைப்பைத் தொடாதீர்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.
4. கணக்கு பறிபோய், உங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வாடிக்கையாளர்களை எச்சரியுங்கள்.

மாதக் கடைசிக் கணக்கு

புதிதாக அழைத்தவர்களிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்து வாருங்கள். பதிவைப் பார்த்து வந்த விசாரிப்புகள், அவற்றில் வேலையானவை, அதிகம் பகிரப்பட்ட பதிவு: இந்த மூன்றும் போதும். லைக்கை எண்ண வேண்டாம். அதிகம் பகிரப்பட்டதன் அடுத்த பாகத்தை வரும் மாதக் கட்டத்தில் முதலில் எழுதுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியும் விசாரிப்பே வரவில்லை என்றால் படி 1க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் கோளாறு அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

அடுத்த அத்தியாயம் கைப்பேசியில் படம் எடுப்பது பற்றியது. அதற்கு வரும் முன் கேள்வி நோட்டில் இருபது கேள்வியாவது சேர்த்துவிடுங்கள். அவை இல்லாமல் எடுக்கும் படங்களுக்கு எழுத ஒன்றும் இருக்காது.